பதினொரு மாத வருஷம்

என் வாழ்க்கையில் நான் முழுசாகத் தோற்றது ஒரே ஒரு ஆளிடம்தான். தோற்றதை இன்றைக்கும் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன் என்றால், ஒன்று எனக்கு வெட்கமில்லை, இல்லையென்றால் தோற்கடித்த ஆள் அப்படிப்பட்டவள். இரண்டும்தான் என்று என் மனைவி சொல்வாள்.

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பென்சில் என்று பெயர். வைத்தவன் நான். என்னைவிட எட்டு வயது சின்னவள், என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன், மரியாதைக் குறைவாக யாரும் நினைக்க வேண்டாம். நிதித்துறைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் பட்ஜெட் பிரிவு. என் மேஜை பட்டாளம், எனக்கு நேர் எதிரே இருக்கும் அவள் மேஜை பென்ஷன். நாட்டுப் பணத்தில் பெரும் பங்கு இந்த இரண்டு மேஜை வழியாகத்தான் போகும். எனக்குப் பத்து அதிகம் வந்தால் அவளுக்குப் பத்து குறையும். பதினெட்டு வருஷம் இப்படியே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மத்தியானச் சாப்பாட்டை மட்டும் பங்கு போட்டுக்கொள்வோம்.

எங்கள் பிரிவில் வேலை நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷத்துப் பைலை எடுப்பது, ஒவ்வொரு எண்ணோடும் நூற்றுக்குப் பத்து கூட்டுவது, மேலே அனுப்புவது. மேலே இருப்பவர் கொஞ்சம் வெட்டுவார். அவர் வெட்டுவார் என்று தெரிந்துதான் நாங்கள் கூட்டுகிறோம், நாங்கள் கூட்டுவோம் என்று தெரிந்துதான் அவர் வெட்டுகிறார். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நான் இந்தக் கலையில் கெட்டிக்காரன். என் நாற்காலிக்கு மேலே சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தொங்கியது. 'சிறந்த சிக்கனப் பிரிவு' என்று பொன்னிற எழுத்தில் போட்டிருக்கும். வருஷக் கடைசியில் அதிகமாகப் பணத்தை மிச்சம் பிடித்துத் திருப்பிக் கொடுத்ததற்காக மூன்று தடவை எனக்கு அது கிடைத்தது. தினமும் வந்தவுடன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவேன்.

பென்சில் வேறு மாதிரி. எண்களைப் பென்சிலால்தான் எழுதுவாள், கடைசி நாள் வரைக்கும் மையைத் தொடமாட்டாள். ஒவ்வொரு எண்ணின் மேலும் பென்சில் முனையை வைத்து, "இது யாரு?" என்பாள். எவ்வளவு என்று இல்லை, ஏன் என்றும் இல்லை. யாரு. கேட்டால் பதில் வரும்வரை நகரமாட்டாள். புதிதாக வந்த மேலாளர் ஒருவர், "எண்ணுக்கு ஏதும்மா முகம்?" என்று கேட்டுவிட்டு, அரை மணி நேரம் அவளுடைய விளக்கத்தைக் கேட்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே வருவதில்லை.

அந்தக் கேள்வி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மாடிக்கு வருவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் அவள் கீழ்த்தளத்து ஜன்னலில் இருந்தாள். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் வந்து, உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிவிட்டுப் போக வேண்டிய ஜன்னல் அது. ஒரு நாளைக்கு முந்நூறு முகம். பெயரை மறந்தாலும் முகத்தை மறக்கமாட்டாள். அதில் ஒருவருக்கு ரெண்டுவிரல் என்று பெயர். பட்டாளத்தில் கண்ணிவெடி எடுக்கிற வேலையில் இருந்து, வலது கையில் மூன்று விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். வருஷா வருஷம் வந்து மிச்சமிருக்கும் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, "இந்த வருஷமும் சாகலைம்மா, எழுதிக்கோ" என்பார். மாடிக்கு வந்த பிறகும் அந்த நாட்களில் பென்சில் பத்து நிமிஷம் கீழே போய் அவரைப் பார்த்துவிட்டு வருவாள்.

இப்போது அந்தக் கெட்ட வருஷத்துக்கு வருகிறேன். வரி வசூல் படுத்துவிட்டது. எல்லையில் பக்கத்து நாட்டுக்காரனோடு உரசல் வேறு. அடுத்த வருஷத்துத் திட்டம் மேலே போவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது செயலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சுற்றி வளைக்காத மனிதர். உட்காரச் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அறுநூத்திப் பத்து கோடி இடிக்குது. இனிமே கடனும் கிடைக்காது. ரெண்டே வழிதான். ஒண்ணு, பட்டாளத்துக்கு அடுத்த வருஷம் குளிர் ஜாக்கெட், பூட்ஸ், கூடாரம் எதுவும் வாங்கறதில்லை. இல்லேன்னா பென்ஷன்ல முதல் மாசத்தை அடுத்த மாசத்துக்குத் தள்ளிடறோம். அப்படியே எல்லா மாசமும் ஒவ்வொண்ணாத் தள்ளிப் போகும். கணக்குல வருஷத்துக்குப் பதினொரு மாசம்தான் வரும்."

பென்சில் சொன்னாள்: "வீட்டு வாடகை பன்னண்டு மாசம் வரும் சார்."

"தெரியும்மா. ஒன்பது நாள்ல ரெண்டு பேரும் குறிப்பு குடுங்க. எதை வெட்டினா என்ன ஆகும்னு எழுதுங்க. நான் முடிவு பண்றேன்."

முடிவு எங்கே போகும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். சிப்பாய் குளிரில் நடுங்குகிறான் என்று செய்தி வந்தால் ஆட்சியே ஆடும். வயசானவர்கள் ஒரு மாதம் தாமதமாக வாங்கினால் யாரும் கூட்டம் போடமாட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது, மறைப்பானேன். என் ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான், மலை உச்சிக் காவலில். போன குளிரில் அவன் ஜாக்கெட்டின் ஜிப் போய், கயிற்றால் கட்டிக்கொண்டு நின்றானாம். அதைச் சிரித்துக்கொண்டே போனில் சொன்னான். என் மனைவி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பென்சிலுக்கும் வீட்டில் ஒரு ஆள் உண்டு. அவள் மாமியார். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்சிலின் கணவர் வேலை பார்த்த அச்சகம் மூடிவிட்டது. பென்சில் சம்பளத்தில் சாப்பாடும் பிள்ளைகள் படிப்பும், மாமியார் பென்ஷனில் வாடகை. "வாடகை குடுக்கறவ நான், இது என் வீடு" என்று அந்த அம்மாள் சமையலறையில் நின்றுகொண்டு அறிவிப்பாராம். வீட்டுக்காரர் தன் சொந்தக்காரனை அங்கே குடி வைக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் தவறினாலும் காலி செய்ய வேண்டியதுதான் என்று காகிதத்தில் எழுதியே கொடுத்துவிட்டார். முதல் மாதம் தள்ளிப்போனால் வீடு போய்விடும்.

அன்றைக்கு மாடிப்படியில் டீ குடிக்கும்போது எங்களுக்குள் சண்டை. "உன் மாமியார் ஒரு மாசம் பொறுத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டேன். "உங்க பையன் ஒரு குளிர் பொறுத்துக்க மாட்டானா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். கேட்ட பிறகு இரண்டு பேருக்குமே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனோம். நாலு நாள் பேச்சு வார்த்தை இல்லை, சாப்பாட்டுப் பங்கும் இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் பென்சிலோடு என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, உங்க பைலைக் குடுங்க."

"எதுக்கு?"

"என்னுதுல எல்லாரையும் பாத்துட்டேன். எடுக்கறதுக்கு ஒருத்தருமே இல்லை. உங்களுதுல பாக்கறேன்."

எனக்குத் திமிர். "பாரு, பாரு. பட்டாளத்துல தேடினா துப்பாக்கிதான் கிடைக்கும்" என்று பைலைத் தூக்கிப் போட்டேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு செலவினம் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். இது யாரு, சமையல்காரர்கள். இது யாரு, வண்டி ஓட்டுகிறவர்கள். இது யாரு, உன் தலை. மத்தியானத்துக்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. நாற்பத்தொன்றுக்கு வந்தாள். ஓய்வு பெற்ற படையினருக்கு மாத வழங்கல், அறுநூற்று முப்பத்தெட்டு கோடி.

"இது யாரு?"

"எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா? ரிட்டயர் ஆன சிப்பாய்ங்க."

"அவங்க எங்க ஜன்னலுக்குல்ல வருவாங்க."

"இது வேற ஆளுங்களா இருக்கும்."

"அப்ப ரெண்டுவிரல் யாரு?"

"எனக்கென்ன தெரியும்? வருஷா வருஷம் இருக்கற எண்ணு இது. நேத்து முளைச்சதில்லை."

அவள் வாதாடவில்லை. அது உயிர் காட்டுகிற வாரம்தான். என்னையும் இழுத்துக்கொண்டு கீழே போனாள். வரிசையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ரெண்டுவிரலைக் கண்டுபிடித்தாள். "ஐயா, பென்ஷன் எங்க வாங்கறீங்க?"

"என்னம்மா கேள்வி இது. இங்கதான்."

"வேற எங்கயாவது குடுக்கறாங்களா?"

"குடுக்கறாங்கன்னா இடத்தைச் சொல்லு, இந்த ரெண்டு விரலையும் குடுத்துட்டு வாங்கிக்கறேன்." வரிசையே சிரித்தது. "முன்னாடி உயிரைக் காட்டறது மட்டும் இங்க, பணம் முகாம்ல குடுத்தாங்க. பன்னண்டு வருஷம் முன்னாடி, இனிமே பட்டாளத்துக்காரனுக்குப் பணமும் இங்கதான்னு மாத்திட்டாங்க. ஏன், மறுபடி மாத்தறாங்களா? எனக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியாதும்மா."

 படி ஏறவில்லை, நேராகக் கீழே பழைய பைல்கள் இருக்கும் அறைக்குப் போனோம். இரண்டு மணி நேரம் தூசி. கிடைத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய உத்தரவு, ஒரே பக்கம். ஓய்வு பெற்ற படையினருக்கும் இனிப் பென்ஷன் அலுவலகமே வழங்கும், பட்டாளத் தலைப்பிலிருந்து இந்தச் செலவினத்தை நீக்கிவிடவும். ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதி, மீசை மாதிரி ஒரு வளைவோடு ஒரு கையெழுத்து. அந்த மீசை என்னுடையது.

பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி. அவள் மேஜையில் சேர்த்துவிட்டார்கள், என் மேஜையில் எடுக்கவில்லை. போன வருஷத்துப் பைல், நூற்றுக்குப் பத்து, மேலே. இல்லாத செலவுக்குப் பன்னிரண்டு வருஷம் நான் பணம் ஒதுக்கி வந்திருக்கிறேன். வாங்க ஆளில்லாததால் அது வருஷக் கடைசி நாளில் அப்படியே கஜானாவுக்குத் திரும்பும். கடைசி நாளில் திரும்பி வரும் பணத்தை நம்பி முதல் நாளில் யாரும் திட்டம் போடமாட்டார்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நாடே நெய்க்கு அலைந்திருக்கிறது. அந்த மிச்சத்துக்குத்தான் எனக்குச் சான்றிதழ். மூன்று தடவை கைதட்டல். நான் தினமும் துடைத்த கண்ணாடி.

உட்காரக்கூட இடமில்லாத அந்த அறையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "மேல சொன்னா விசாரணை வைப்பாங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. என் பென்ஷனையே நிறுத்திடுவாங்க" என்றேன்.

"தெரியும்ணே. நான் போய்ச் சொல்ல மாட்டேன்."

"சொல்லலேன்னா உன் வீடு போயிடுமே."

"போகும்." உத்தரவைத் தட்டித் தூசி போக்கி என் கையில் கொடுத்தாள். "ஆனா இது உங்க பைல். நீங்க அடிச்சா அது திருத்தம். நான் அடிச்சா அது கோள். இன்னும் நாலு நாள் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அது எனக்குக் கை வந்த கலை. அவள் திட்டாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதையும் மறைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜாக்கெட் வந்துவிடும், என் பென்ஷனும் வந்துவிடும். மூன்றாம் நாள் சாயங்காலம் என் மனைவி துணி மடித்துக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொட்டிவிட்டு, "நம்ம பையனுக்காகத்தான் பாக்கறேன்" என்றும் சேர்த்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று அவளுக்குத் தெரியாதா.

"அவன் என்ன, சாகற வரைக்கும் மலை மேலயேவா நிக்கப் போறான்?" என்றாள். "ஒரு நாள் வயசாகி இறங்கி வருவான். வந்து அந்த ஜன்னல்லதான் நிப்பான். அன்னைக்கு அவனைப் பதினொரு மாசம் மட்டும் சாப்பிடுன்னு சொல்ல விட்டுடாதீங்க."

"என் பென்ஷன் போச்சுன்னா?"

"உங்க கோவத்தை இருபத்தெட்டு வருஷமாச் சமாளிக்கறேன். இதைச் சமாளிக்க மாட்டேனா?"

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் செயலாளர் அறையில். குறிப்பை எடுங்கள் என்றார். நான் குறிப்பு எதுவும் எழுதிக்கொண்டு போகவில்லை. அந்தப் பழைய உத்தரவை மேஜையில் வைத்தேன். "சார், நாப்பத்தொண்ணுல இருக்கற அறுநூத்தி முப்பத்தெட்டு கோடி தேவையே இல்லை. அந்த ஆளுங்க பென்ஷன் தலைப்புல ஏற்கெனவே இருக்காங்க. பன்னண்டு வருஷமா ரெண்டு தடவை எழுதிட்டேன். தப்பு என்னுது." சொல்லும்போது குரல் நடுங்கும் என்று பயந்திருந்தேன். நடுங்கவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு என் குரலை நானே நன்றாகக் கேட்டேன்.

செயலாளர் உத்தரவைப் படித்தார். மீசைக் கையெழுத்தைப் பார்த்தார். "இதுக்கு என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

"தெரியும் சார்."

அப்போதுதான் பென்சில் எழுந்து வெளியே போனாள். பைல் தள்ளும் வண்டியோடு திரும்பி வந்தாள். பன்னிரண்டு பைல். ஒவ்வொன்றிலும் நாற்பத்தொன்று இருக்கும் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக வைத்தாள். என் கையெழுத்துக்கு மேலே மேலாளர், அவருக்கு மேலே துணைச் செயலாளர், அவருக்கு மேலே செயலாளர். கடைசி ஐந்து வருஷம் பச்சை மையில் இதே செயலாளர். மிரட்டுகிற மாதிரி ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. மூன்றாவது பைலை மட்டும் அவர் பக்கம் திருப்பினாள்.

"இதைப் பாருங்க சார். அந்த வருஷம் அண்ணன் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் லீவு. அவர் மேஜையை நான்தான் பாத்தேன். நாப்பத்தொண்ணு என் கையெழுத்துலதான் மேல போயிருக்கு. என் மேஜை இல்லைதானேன்னு அந்த ஒரு வருஷம் நான் யாருன்னு கேக்கலை. விசாரணைன்னா என்னையும் சேத்துக்கோங்க."

அந்தக் கையெழுத்தைப் பற்றி எனக்கு நினைவே இல்லை. அந்தத் துண்டைச் செருகாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மாமியார் வீட்டைக் காப்பாற்ற வந்தவள், தன் வேலையையும் கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தன் பச்சைக் கையெழுத்து ஐந்தையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு இந்த வருஷத்துப் பைலை என் பக்கம் தள்ளி, தன் சிவப்புப் பேனாவையும் அதன் மேலே வைத்தார். "நீங்களே அடிங்க" என்றார்.

அடித்தேன். ஒரே கோடு. அறுநூற்று முப்பத்தெட்டு கோடி போயிற்று, அறுநூற்றுப் பத்து கோடிப் பற்றாக்குறையும் போயிற்று. ஜாக்கெட், பூட்ஸ், கூடாரம் எல்லாம் அப்படியே நின்றது. பென்ஷனுக்குப் பன்னிரண்டு மாதமும் அப்படியே நின்றது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் இரண்டு மேஜையும் ஒரே நாளில் ஜெயித்தன. செயலாளர் மூச்சு விடுவதற்குள் பென்சில் ஆரம்பித்துவிட்டாள்.

"மிச்சம் இருபத்தெட்டு கோடி சார்."

"அதுக்கு?"

"கீழ ஜன்னல் முன்னாடி வயசானவங்க நின்னுக்கிட்டே இருக்காங்க. உக்கார ஒரு பெஞ்ச் இல்லை."

"இருபத்தெட்டு கோடிக்கா பெஞ்ச்?" என்று கேட்டுவிட்டுச் செயலாளர் சிரித்த சிரிப்பு வராந்தா வரைக்கும் கேட்டதாகப் பியூன் பிறகு சொன்னார்.

எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது, அவளுக்கும் ஒன்று. செயலாளர் தனக்கும் ஒன்று எழுதிக் கோப்பில் வைத்துக்கொண்டார் என்று கேள்வி. சான்றிதழை நானே கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புது வருஷத்து முதல் மாதம், முதல் தேதி, பென்சிலின் மாமியார் பென்ஷனை வாங்கி நேராக வீட்டுக்காரரிடம் போய், ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்துவிட்டு, "அடுத்த மாசமும் இதே தேதிக்கு வருவேன், எங்கயும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாராம். குளிர் ஆரம்பித்தபோது என் மகன் ஒரு படம் அனுப்பினான். ஜிப்பை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டிருந்ததால் கண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. என் மனைவி அந்தக் கண்ணையே அரை நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து நான் ஓய்வு பெற்றேன். போன மாதம், உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட முதல் தடவையாக நானும் போனேன். ஜன்னல் முன்னால் பெஞ்ச் போட்டிருக்கிறது, சாய்ந்துகொள்ளும்படி நல்ல பெஞ்ச். ரெண்டுவிரல் எனக்கு நகர்ந்து இடம் கொடுத்தார். என் முறை வந்தபோது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பென்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது மாடியிலிருந்து எனக்காகவே இறங்கி வந்திருக்கிறாள். என் பெயர் இருந்த இடத்தில் பென்சில் முனையை வைத்து, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது யாரு?"

"பட்டாள மேஜை" என்றேன். "இந்த வருஷமும் சாகலை. எழுதிக்கோ. ஒரு தடவை மட்டும் எழுது."

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பேனாவை எடுத்து எழுதினாள்.